சுங்கத்தில் உரசிய சங்கிலி

என் வயதுக்காரர்களுக்கு மட்டும் சொல்கிறேன். சின்னவர்கள் கேட்டால், கைப்பேசியில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதை இந்த அம்மாள் இவ்வளவு நீட்டுகிறாளே என்பார்கள். ஐம்பதைத் தாண்டி, எழுந்திருக்கும்போது முட்டியில் ஒரு கை வைக்கும் நமக்குள் பேசிக்கொள்ளலாம். வெளிநாடு போய்த் திரும்பும்போது விமான நிலையத்தில் பச்சைப் பலகை மாட்டிய வழி ஒன்று உண்டல்லவா? சுங்கம் கட்டும்படி எதுவும் கொண்டுவராதவர்கள் போகிற வழி. ஒரு பாவமும் செய்யாமல் அதில் நடக்கும்போது நீங்களும் பையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறீர்களா? நான் பார்த்துக்கொள்வேன்.

நான் சந்தேகக்காரி. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடி இழுப்பவள். காய்கறிக்காரர் எடை போட்டதை வீட்டில் ஒருமுறை போட்டுப் பார்ப்பேன். இது என் அம்மாவிடமிருந்து வந்தது. அம்மாவுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. ஆனால் அவளிடம் அது முற்றிப்போன பருவம் எது என்று எனக்குத் தெரியும். நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை அது. அத்தை என்னைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் வந்தாள்.

அத்தை, அப்பாவுக்கு அக்கா. கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே மாமா தவறிவிட்டார். அத்தை ஆரணிக்குத் திரும்பி எங்கள் வீட்டுப் பின்கட்டில் தங்கினாள். அப்பா முன்கூடத்தில் தறி நெய்தார். அத்தை பின்கட்டில் உட்கார்ந்து தெருப் பெண்களுக்குக் கையாலேயே ரவிக்கை தைத்தாள், புடவைக்கு ஓரம் அடித்தாள். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை, தையல் மெஷின். அதுவும் எல்லாரும் வைத்திருக்கும் மெஷின் இல்லை. ஜப்பானில் செய்தது, பெட்டி மாதிரி கையில் தூக்கிப் போகலாம், பூத்தையல் போடும். மாமா வழிச் சொந்தம் ஒன்று கொழும்பில் துணிக்கடை வைத்திருந்தது. அவர்கள் வீட்டில் அந்த மெஷின் இருக்கிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அத்தைக்கு அதே பேச்சு. நம் ஊரில் அது கண்ணில் படாது. பட்டாலும் யானை விலை சொல்வார்கள். அந்தத் தீவிலோ வெளிநாட்டுச் சாமான் கடைக்குக் கடை மலிந்து கிடக்கிறது என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள்.

அந்தச் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. அத்தை புறப்பட்டாள். என்னையும் கூட்டிப்போகிறேன் என்றாள்.

"பாப்பாவ இன்னாத்துக்கு?" என்று கேட்டாள் அம்மா. அத்தையிடம் அல்ல, அப்பாவிடம்.

"வரும்போது ஒரு ஆளுக்கு இவ்ளோன்னு வரி இல்லாம சாமான் கொண்டாரலாமாம்" என்றார் அப்பா. "அந்த மெஷினு அக்கா ஒருத்தி பேர்ல அடங்காதாம். புள்ளைக்கும் கொஞ்சம் வுடுவாங்களாம். ரெண்டும் சேந்தா மெஷினு வந்துரும்."

"அப்ப எம்பொண்ணு இன்னா, சாக்குப் பையா?"

அப்பா தறியில் நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளத் தொடங்கினார். தறிச் சத்தம் எழுந்துவிட்டால் எங்கள் வீட்டில் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

புறப்படுவதற்கு முன் வீட்டில் ஒரு கூத்து நடந்தது. கல்யாண வீட்டுக்கென்று அத்தை சில பட்டுப் புடவைகள் எடுத்துப்போக வேண்டியிருந்தது. பிரிக்காத மடிப்போடு போனால் அது வியாபாரச் சரக்கு, அந்தக் கரையில் வரி போடுவார்கள். கட்டிய புடவை என்றால் சொந்தத் துணி, கேள்வி கிடையாது. ஆகவே கடல் கடந்து போய்வந்த ஆரணிப் பெண்கள் செய்வதையே அத்தையும் செய்தாள். புதுப் புடவையின் மடிப்பை உடைத்து, வீட்டில் இருக்கிற பெண்கள் கட்டிக்கொண்டு, உட்கார்ந்து எழுந்து கசங்க வைக்க வேண்டும். முந்தானையில் கொஞ்சம் பவுடர், கொசுவத்தில் ஒரு சொட்டு சந்தனம். பழசாகிவிடும்.

அம்மா கல்யாணத்துக்குப் பிறகு பட்டு கட்டியதில்லை. நெய்கிற வீட்டில் யார் கட்டுவார்கள்? அன்று மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட ஒரு புடவையில் அவள் கூடத்தில் உலாத்தினாள். புதுப்பட்டு நடக்க நடக்கச் சரசரத்தது. அப்பா நாடாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அம்மாவின் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கவும் செய்தது.

"நான் கட்னதுன்னு சொல்லி நாளைக்கு என்ன மாட்டிவுட மாட்டீங்களே அண்ணி?"

"உன்ன எவன் கேக்கப் போறான்?" என்றாள் அத்தை. "ஜல்தியா உக்காந்து எழுந்திரு. முட்டிகிட்ட இன்னும் கசங்கல."

கிளம்பும் அன்று காலையில் அம்மா எனக்குத் தலை பின்னி, கழுத்தில் ஒரு சங்கிலி போட்டாள். கோதுமை மணி கோத்தது போன்ற பின்னல். அம்மா விசேஷங்களுக்கு மட்டும் போடும் கல்யாணச் சங்கிலி என்று நினைத்தேன். கொக்கி தளர்ந்திருக்கிறது என்று சொல்லி, அதன் மேல் தறியிலிருந்து எடுத்த சிவப்புப் பட்டு நூலை இறுக்கிச் சுற்றியிருந்தாள். பிறகு அத்தையைக் கூப்பிட்டு, அப்பாவையும் பக்கத்தில் நிற்க வைத்தாள்.

"பவுனு அண்ணி. கல்யாண வூட்டுல புள்ள மூளியா நின்னா நம்பளத்தான் பேசுவாங்க. உங்க கையில ஒப்படைக்கறேன். உங்க கையாலயே எனக்குத் திருப்பிக் குடுக்கணும்."

"என் உசுரு மாதிரி பாத்துக்கறேன்" என்றாள் அத்தை.

எதற்கு அப்பாவைச் சாட்சிக்கு நிற்க வைத்தாள் என்று யோசிக்க அப்போது எனக்குத் தோன்றவில்லை. பவுன் போட்டிருக்கும் கர்வத்தில் பஸ் ஸ்டாண்டு வரை கழுத்தில் கை வைத்துக்கொண்டே நடந்தேன்.

விழுப்புரத்தில் ரயில் ஏறியது, பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது கீழே பார்க்கப் பயந்து அத்தை மடியில் முகம் புதைத்தது, ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறி வாந்தி எடுத்தது, எல்லாம் துண்டு துண்டாக நினைவிருக்கிறது. கொழும்பு என்றால் எனக்கு இன்றும் கிராம்பு வாசனை. கல்யாண வீட்டில் ஒரு மாமி என் சங்கிலியைத் தூக்கிப் பார்த்து "நல்ல கனம்" என்றாள். அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. படுக்கப் போகும்போது நூலைத் தொடாமல் அதைத் தலை வழியாகக் கழற்றித் தன் ரவிக்கைக்குள் ஊக்கு குத்தி வைத்துக்கொள்வாள். காலையில் என் முகம் கழுவிவிட்டு மறுபடி போடுவாள்.

மெஷின் வாங்கிய கடையில் அத்தை அதை ஓட்டிப் பார்த்தாள். ஒரு துண்டுத் துணியில் ஒரு பூ விழுந்தது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே அந்தத் துண்டை அவளிடம் கொடுத்தார். அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கப்பலில் எத்தனையோ முறை எடுத்து எடுத்துப் பார்த்தாள். ஊருக்குப் போனதும் தெருப் பக்கம் ஒரு பலகை மாட்டப்போகிறேன், இனிமேல் தம்பி கையை எதிர்பார்க்க வேண்டாம் என்று என்னிடம் சொன்னாள். அத்தை அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

ராமேஸ்வரத்தில் சுங்கச் சாவடியில் நீண்ட மேசை. அதிகாரி எங்கள் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மெஷின், குடை, கொஞ்சம் சோப்பு, ஒரு பால்பவுடர் டின். இரண்டு பேர் சலுகையில் அடங்கிவிடும் என்று தலையசைத்தார். அப்போது அவர் கண் என் கழுத்தில் விழுந்தது.

"இந்தச் சங்கிலி?"

"அது எங்களுது சார். போம்போதே புள்ள போட்டுகினு போனது."

"போகும்போது இங்க காட்டி எழுதி வாங்கினீங்களா?"

"இன்னாத்த சார்?"

நகை போட்டுக்கொண்டு போகிறவர்கள் போகும்போதே சுங்கத்தில் காட்டி, இது எங்களுடையது என்று ஒரு சான்று வாங்கிக்கொள்ள வேண்டுமாம். வாங்காமல் போனால், திரும்பும்போது அதை அங்கே வாங்கிய நகையாகத்தான் எடுத்துக்கொள்வார்களாம். புதுப் புடவையைப் பழசாக்குவதில் அவ்வளவு கெட்டிக்காரர்களான எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவருக்கும், பழைய நகையைப் பழசென்று காட்ட வேண்டும் என்று தோன்றவில்லை.

"சங்கிலியைச் சேர்த்தா உங்க ரெண்டு பேர் சலுகையும் தாண்டிடுதும்மா" என்றார் அதிகாரி. "வரி கட்டுங்க. முடியாதுன்னா ரெண்டுல ஒண்ண விட்டுட்டுப் போங்க. சங்கிலியா, மெஷினா?"

வரி கட்ட அத்தையிடம் ஒன்றும் இல்லை. மெஷின் பெட்டியின் கைப்பிடியை அதுவரை விடாமல் பிடித்திருந்தாள். இப்போது விட்டாள்.

"மெஷின வெச்சிக்குங்க சார். சங்கிலி எந்தம்பி பொண்டாட்டிது. என்னை நம்பிக் குடுத்தா."

அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

சரி, மதிப்பு எழுத வேண்டும் என்று அதிகாரி நகை பார்க்கும் ஆசாரியைக் கூப்பிட்டனுப்பினார். ஆசாரி வந்தார். கொக்கியில் சுற்றிய நூலைக் கத்தியால் அறுத்தார். அங்கே அரத்தால் லேசாகத் தேய்த்து, உரைகல்லில் கோடு இழுத்து, சின்ன சீசாவிலிருந்து ஒரு சொட்டு விட்டார். கோடு கரைந்து போனது.

"கவரிங் சார்."

"நல்லாப் பாருங்க" என்றாள் அத்தை.

"இதுல பாக்கறதுக்கு என்னம்மா இருக்கு. பித்தளை மேல முலாம்."

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். பித்தளைக்கு ஏது சுங்கம்? ஆனால் அதிகாரியின் முகம் மாறிவிட்டது. அவர் நின்ற இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் யோசித்திருப்பேன். ஒரு பெண் கவரிங் சங்கிலிக்காக ஜப்பான் மெஷினையே விட்டுக் கொடுக்கிறாள் என்றால், எங்கேயோ எதுவோ இருக்கிறது. அசல் சங்கிலி எங்கே? போலியைக் காட்டிவிட்டு உள்ளே எதைக் கொண்டுபோகிறாள்? அறுந்து கிடந்த சிவப்பு நூலை எடுத்து, "இது யாருக்கு அடையாளம்?" என்று கேட்டார். அத்தைக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

அத்தையை ஒரு பெண் காவலர் உள்ளறைக்குக் கூட்டிப்போனார். இங்கே சோப்புகளை நீள ஊசியால் குத்தினார்கள், பால்பவுடரைக் காகிதத்தில் கொட்டிக் கிளறினார்கள். குடையின் பிடியைத் திருகிக் கழற்றினார்கள். மெஷினை ஆணி ஆணியாகப் பிரித்தார்கள். அதிகாரி குனிந்து என்னிடம், "பாப்பா, அத்தை உனக்கு எதையாவது முழுங்கக் குடுத்தாங்களா?" என்று கேட்டார். கொழும்பில் ஒரு மிட்டாய் கொடுத்தாள் என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அத்தை வெளியே வந்தபோது கொண்டை அவிழ்ந்து தொங்கியது. புடவையை மறுபடி கட்டியிருந்த விதம் அவளுடையது போல இல்லை. ஒன்றும் கிடைக்காததால் எங்களைப் போகச் சொன்னார்கள், மெஷினையும் எடுத்துப்போகச் சொன்னார்கள். பிரித்ததை யாரோ அவசரமாகப் பூட்டித் தந்தார்கள். அடிநூல் கண்டை வைக்கும் சின்னக் கிண்ணம் ஒன்று அந்த மேசையிலேயே எங்கோ தங்கிவிட்டது என்பது ஆரணிக்கு வந்து பெட்டியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. வேலூரில் தேடினோம், மெட்ராஸில் ஆள் விட்டுத் தேடினோம். வேறு எந்த மெஷினின் கிண்ணமும் அதில் உட்காரவில்லை. அந்த மெஷின் நம் நாட்டில் ஒரு தையல்கூடப் போடவில்லை.

திரும்பும் ரயிலில் அத்தை சங்கிலியை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"பாப்பா, இது கவரிங்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது அத்தை."

என் முகத்தையே பார்த்தாள். என்னையும் சந்தேகப்படுகிறாள் என்று அந்த வயதிலும் எனக்குப் புரிந்தது. பிறகு சங்கிலியை எடுத்து என் கழுத்தில் போட்டு, முடி மாட்டாமல் விலக்கிவிட்டாள்.

"வூடு போற வரிக்கும் கழுத்துல இருக்கட்டும். இன்னா நடந்துச்சின்னு உங்கம்மா கேட்டா சொல்லு. கேக்காம நீயா சொல்லாத."

வீட்டு வாசலிலேயே, அப்பா பார்க்க, சங்கிலியைக் கழற்றி அம்மா கையில் வைத்தாள். "இந்தா, எங்கையால குடுத்துட்டேன்" என்றாள். மெஷின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். அம்மா அதை எடுத்துக்கொண்டு சமையலறை வெளிச்சத்துக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் என்னை உள்ளே இழுத்தாள்.

"கொக்கியில நூலு எங்க?"

"சுங்கத்துல ஆசாரி அறுத்துட்டாரும்மா. உரசிப் பாத்தாரு. அத்தைய ரூமுக்குள்ள..."

"இப்டி சொல்லச் சொல்லி யாரு சொல்லிக் குடுத்தா?"

நான் மேலே சொல்வதற்குள் என் வாயைப் பொத்திவிட்டாள். மெஷின் கதைக்கு நான் வரவே இல்லை. பின்னால் ஓரிரு முறை ஆரம்பித்தேன். ஆரம்பிக்கும்போதே, "அத்தை பாடம் நல்லா ஏத்தியிருக்குது" என்று முடித்துவிடுவாள்.

அன்று அப்பாவிடம் அவள் பேசியதைக் கதவோரம் நின்று கேட்டேன். "நூல அறுத்து உரசியிருக்காங்க. கொழும்புல விக்கப் போயி மூக்கு ஒடஞ்சி வந்துருக்காங்க உங்க அக்கா. கவரிங்னு தெரிஞ்சதாலதான் திரும்பி வந்துச்சி. பவுனா இருந்தா வந்திருக்குமா?"

"கவரிங்கா?" என்றார் அப்பா.

"அசலு அரிசிப் பானைல இருக்குது. மனுசங்க எப்டின்னு பாக்கத்தான் இத்தப் போட்டு அனுப்பனேன்."

அப்பா பின்கட்டுக்குப் போனார். "அக்கா, சங்கிலிய யார்கிட்டனா காட்னியா?" என்று கேட்டார். அத்தை தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சுங்கத்துல காட்டச் சொன்னாங்க, காட்னேன். இன்னும் இன்னா கேக்கணும், கேளு."

அப்பா கேட்கவில்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அவர் திரும்பி வந்து தறியில் உட்கார்ந்தார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அத்தை பக்கத்து ஊரான சேவூரில் வாடகைக்கு ஓர் அறை பிடித்துப் போய்விட்டாள். மெஷினை அவளே தலையில் வைத்துத் தூக்கிப்போனாள்.

ஏன் அவள் எல்லாவற்றையும் போட்டு உடைக்கவில்லை என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். சொன்னால் தம்பி முன்னால் தம்பி மனைவிக்குத் தலைகுனிவு என்று நினைத்தாளா? கேட்காதவர்களுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்ற வீம்பா? வீம்புதான் கொஞ்சம் கூடுதல் என்று எனக்குச் சந்தேகம். நாற்பது வருடத்துக்கு மேல் இருவரும் விசேஷ வீடுகளில் "சாப்ட்டீங்களா", "சாப்ட்டேன்" என்பதைத் தாண்டிப் பேசிக்கொண்டதில்லை. அப்பா போன துக்கத்துக்கு வந்தபோதும் அத்தை வாசலோடு உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். என் பையன் கொழும்புக்கு எங்களைக் கூட்டிப்போக டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். எதை எவ்வளவு கொண்டுவரலாம் என்று கைப்பேசியிலிருந்து உரக்கப் படித்தான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நகையோடு போகிறவர்கள் புறப்படும்போதே சுங்கத்தில் காட்டிச் சான்று வாங்கிக்கொள்வது நல்லது என்று அவன் படித்ததும் அவள் கை நின்றது.

"போம்போதே காட்டணுமா?"

"ஆமா ஆயா. இல்லன்னா அங்க வாங்குனதுன்னு சொல்லுவாங்க."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கும் இதானா சட்டம்?"

இந்த முறை அவள் வாயைப் பொத்தவில்லை. நான் முழுவதும் சொன்னேன். மெஷின் கைப்பிடியை அத்தை விட்ட இடத்தில் நிறுத்தினாள்.

"மெஷின வெச்சிக்குங்கன்னு சொன்னாங்களா? உரசறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடி."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும்மா. அதுக்கு அப்புறந்தான் ஆசாரியே வந்தாரு."

அம்மா மறுபடி மொச்சையை எடுத்தாள். உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "கொழும்புல உரசிப் பாத்திருந்தா பித்தளைன்னு அங்கயே தெரிஞ்சிருக்கும்" என்றாள், யாரையும் பார்க்காமல். "தெரிஞ்சிருந்தா பித்தளைக்கு எவ மெஷின வுடுவா?"

குற்றம் கண்டுபிடித்த அதே புத்தி, இத்தனை காலம் கழித்து, தானே போய் விடுதலையும் கண்டுபிடித்தது. கையிலிருந்த மொச்சையைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னாள்: "நானா இருந்தா மெஷினத்தான் எடுத்துகினு வந்திருப்பேன்."

மறுநாள் காலையில் ஆட்டோ கூப்பிடச் சொன்னாள். சேவூரில் அத்தை தனியாகத்தான் இருக்கிறாள். சம்பாதித்து வாங்கிய உள்ளூர் மெஷின் ஜன்னலோரம் இருக்கிறது; ஜப்பான் மெஷின் மூலையில், உறைக்குள். அம்மா உட்காராமலே மடியிலிருந்து அசல் சங்கிலியை எடுத்து அத்தை கையில் வைத்தாள்.

"பவுனு அண்ணி. ஒரசிப் பாக்கறதுன்னா பாத்துக்குங்க."

அத்தை அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். கொக்கியைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"இத்தப் போட்டு இந்தத் தரம் யார எங்கூட அனுப்பப் போற?"

அப்பா போன அன்று அழுததற்குப் பிறகு அன்றுதான் அம்மா அழுது பார்த்தேன். அத்தை அவளை உட்கார வைத்தாள். சங்கிலியை அவள் கையிலேயே வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

"உம்பொருளு எனக்கு எதுக்கு. மெஷினுக்கு அந்தக் கிண்ணம் கொழும்புல கெடைக்குமான்னு உம்பேரன பாக்கச் சொல்லு."

வீட்டுக்கு வந்ததும் பையனிடம் கேட்டேன். கைவிரல் அகலம் உள்ள உதிரிப் பாகம்தானே, சலுகைக்குள் அடங்கிவிடும், சுங்கம் கிடையாது என்றான். அம்மா நம்பவில்லை. அந்த இடத்தை மறுபடி படிக்கச் சொன்னாள்.